கேளுங்க சொல்றேன்: ஞாயித்துக்கிழமை சமைக்காத ஊர்

போன மாசம் இந்தப் பக்கத்துல, 1620ல மேஃப்ளவர் கப்பல்ல ஏறி அமெரிக்கா போன ஆளுங்களைப் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ லெட்டரும் வாட்ஸ்அப்பும் வரும்னு நினைக்கவே இல்ல. மாதுங்கா, தாராவி, செம்பூர், டோம்பிவ்லி, வாஷின்னு எல்லா பக்கத்துலருந்தும் கேட்டிருக்கீங்க. அதனால இந்த தடவை வேற சப்ஜெக்ட் எதுவும் தொடல, முழுக்க அவங்க கதையும், அவங்களுக்கு அப்புறம் அங்க போன பியூரிட்டன்கள் கதையும்தான். எனக்கு ரொம்ப வருஷமா மனசுல கிடக்கற விஷயம், கொஞ்சம் நீளமாவே பேசிட்டேன், பொறுத்துக்கோங்க.

நியூ ஜெர்ஸியில இருக்கற என் பேத்தி, ஸ்கூல் விழாவுக்கு பில்கிரிம் வேஷம் போட்டு வீடியோ கால்ல காட்டினா. தலைலருந்து கால் வரை கருப்பு, தொப்பியில பெரிய பக்கிள். நிஜமாவே அப்படித்தான் உடுத்தினாங்களா? பில்கிரிமும் பியூரிட்டனும் ஒரே ஆளுங்களா?
— ஒரு பாட்டி, மாதுங்கா

பேத்தி அழகா இருந்திருப்பா மா. ஆனா அந்த பக்கிள் தொப்பி பல காலம் கழிச்சு படம் வரைஞ்சவங்க மாட்டி விட்டது. அந்தக் காலத்துல நல்ல கருப்பு சாயம் ஏத்தின துணின்னா விலை ஜாஸ்தி, அதை பெரிய மனுஷங்க விசேஷத்துக்குத்தான் போடுவாங்க, மத்த நாள்ல பழுப்பு, சிவப்பு, பச்சை, நீலம்னு எல்லா கலரும் உண்டு. மேஃப்ளவர் ஆளுங்க குடியேறின பிளிமத் ஊருக்கு பல வருஷம் கவர்னரா இருந்த வில்லியம் பிராட்ஃபோர்ட் 1657ல இறந்தப்ப அவர் வீட்டுல இருந்த சாமானெல்லாம் லிஸ்ட் எழுதினாங்க, அதுல சிவப்பு வெயிஸ்ட்கோட் இருக்கு, வயலட் கலர் மேலங்கி இருக்கு. கலர் தப்பில்ல, பகட்டுதான் தப்பு. அதுக்கு சட்டமே போட்டாங்க: மாசசூசெட்ஸ்ல 1651ல வந்த சட்டப்படி 200 பவுண்டுக்கு கீழ சொத்து இருக்கறவங்க தங்க, வெள்ளி ஜரிகையோ பட்டனோ வெச்சு உடுத்தக் கூடாது. அப்போ 200 பவுண்டுக்கு மேல இருந்தா போட்டுக்கலாமான்னு கேப்பீங்க, ஆமா, போட்டுக்கலாம். அவங்க ஆசைப்பட்டது எல்லாரும் சமம்ங்கற ஊர் இல்ல, அவங்கவங்க இடத்துல அவங்கவங்க ஒழுங்கா இருக்கற ஊர்.

ரெண்டாவது கேள்விக்கு வரேன். ரெண்டு கூட்டமும் இங்கிலாந்து அரசாங்க சர்ச்சு மேல குறை சொன்னவங்கதான். பில்கிரிம்னு நாம சொல்ற கூட்டம், இந்த சர்ச்சே வேணாம்னு பிரிஞ்சு வந்தவங்க, 1608ல ஹாலந்துக்கு ஓடி லெய்டன் ஊர்ல குடியிருந்துட்டு 1620ல கப்பல் ஏறினாங்க. கப்பல்ல இருந்த 102 பேருமே அந்தக் கூட்டம் இல்ல, பிழைக்கப் போனவங்களும் கலந்துதான் இருந்தாங்க. முதல் குளிர்காலம் முடியறதுக்குள்ள அதுல கிட்டத்தட்ட பாதி பேர் செத்துட்டாங்க. பியூரிட்டன்கள் 1630ல ஜான் வின்த்ரப் தலைமைல 11 கப்பல்ல வந்து மாசசூசெட்ஸ்ல பாஸ்டன் பக்கம் இறங்கினவங்க, இவங்க சர்ச்சை விட்டுப் பிரியாம உள்ள இருந்தே சுத்தம் பண்ணணும்னு சொன்னவங்க. அடுத்த பத்து வருஷத்துல 20,000 பேர் வரைக்கும் வந்து இறங்கிட்டாங்க. 1691ல பிளிமத்தையும் மாசசூசெட்ஸோட சேர்த்துட்டாங்க, அதுக்கப்புறம் தனித்தனி பேச்சே இல்ல.

எங்க சர்ச்சுல பிரசங்கம் முக்கால் மணி தாண்டினாலே பசங்க நெளிய ஆரம்பிச்சுடறாங்க. அவங்க ஞாயித்துக்கிழமை எப்படி போச்சு?
— தாராவி சி.எஸ்.ஐ. சபையில பாடகர் குழுவுல இருக்கற ஒரு அம்மா

அக்கா, அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை சனிக்கிழமை சூரியன் மறைஞ்ச உடனே ஆரம்பிச்சுடும். அதுக்குள்ள சமையல், விறகு, மாட்டு வேலை எல்லாம் ஒதுங்கிடணும். மறுநாள் காலைல ஒரு ஆராதனை, மத்தியானம் ஒரு ஆராதனை. பிரசங்க மேடைல மணல் கடிகாரம் இருக்கும், ஒரு மணி நேரம் ஓடி முடிஞ்சதும் போதகர் அதைத் திருப்பி வெச்சுட்டு தொடர்ந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஜனங்க அதுக்குத்தான் வந்திருக்காங்க. நோட்டுல குறிப்பு எடுத்துட்டு வீட்டுக்குப் போய் பிள்ளைங்ககிட்ட என்ன கேட்டேன்னு விசாரிப்பாங்க. தூங்கறவங்களை எழுப்பவும் சேட்டை பண்ற பசங்களை அடக்கவும் கம்போட ஒரு ஆள் உண்டு.

நம்ம தமிழ் கிறிஸ்தவங்க பேச்சுல ஒரு அழகான வித்தியாசம் இருக்கு, கட்டடத்தை கோயில்னு சொல்லுவோம், ஜனங்களை சபைன்னு சொல்லுவோம். பியூரிட்டன்களுக்கு சபை மட்டும்தான், கோயில் கிடையாது. கட்டடத்துக்குப் பேர் கூட்ட வீடு, அவ்ளோதான். சிலுவை இல்ல, கலர் கண்ணாடி இல்ல, மெழுகுவர்த்தி வரிசை இல்ல, ஆர்கன் இல்ல. அங்கயே ஊர் பஞ்சாயத்தும் நடக்கும். ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், ஊர்ல யாருக்கு என்ன மரியாதையோ அந்த வரிசைல பெஞ்ச்.

நீங்க பாடகர் குழுங்கறதால இதைச் சொல்றேன். தாவீதின் சங்கீதம் மட்டும்தான் பாடுவாங்க, வாத்தியமே கூடாது. புத்தகம் எல்லார்கிட்டயும் இருக்காது, அதனால ஒருத்தர் ஒரு வரி எடுத்துக் குடுப்பார், சபை அதை வாங்கிப் பாடும். மாதுங்கா பஜனைல பாகவதர் எடுத்துக் குடுக்க மத்தவங்க வாங்கிப் பாடறதை கேட்டிருக்கீங்கன்னா அந்த மாதிரி நினைச்சுக்கோங்க, தாளம் மட்டும் கிடையாது. அந்த சங்கீதங்களை அவங்களே புதுசா மொழிபெயர்த்து 1640ல பாஸ்டன் பக்கத்துல இருக்கற கேம்பிரிட்ஜ்ல அச்சடிச்சாங்க, அங்க இருந்த இங்கிலீஷ் குடியேற்றங்கள்ல அச்சான முதல் புத்தகமே அதுதான். அவங்களுக்கு சாப்பாட்டுக்கு அடுத்து வேண்டியிருந்தது அதுதான்னு எனக்கு தோணும்.

குளிரைச் சொல்லாம விடக் கூடாது. உள்ள நெருப்பு கிடையாது. சாமுவேல் சீவல்னு பாஸ்டன் ஜட்ஜ் ஒருத்தர் வருஷக்கணக்கா டைரி எழுதினவர், 1686 ஜனவரில ஒரு நாள் திருவிருந்து ரொட்டி உறைஞ்சு கல்லா போய் தட்டுல பிட்டுப் போடும்போது கலகலன்னு சத்தம் வந்துச்சுன்னு எழுதி வெச்சிருக்கார். அந்த ரொட்டிச் சத்தத்தை நினைச்சா, இவங்க பக்தி எவ்ளோ நிஜம்னு எனக்கு மனசு கரைஞ்சுடும்.

கிறிஸ்மஸ் கொண்டாடக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்களாமே, கிறிஸ்தவங்களே எப்படி?
— வாஷி வாசகர்

உண்மைதான் சார். 1659ல மாசசூசெட்ஸ்ல சட்டம், கிறிஸ்மஸ்னு வேலை நிறுத்திட்டு விருந்து வெச்சா 5 ஷில்லிங் அபராதம், 1681லதான் எடுத்தாங்க. காரணம் ரொம்ப நேரடியானது, டிசம்பர் 25ன்னு பைபிள்ல எங்கயும் இல்ல. பைபிள்ல இல்லாததை மனுஷன் சேர்த்தா அது கலப்படம், வாரத்துக்கு ஒரு ஓய்வு நாள் ஆண்டவர் குடுத்தது இருக்கே, அது போதும். ஈஸ்டரும் அதே மாதிரி கிடையாது. ஜனவரி மார்ச்ன்னு ரோமாபுரி சாமிங்க பேர்ல வர்ற மாசப் பேரைக்கூட விட்டுட்டு ஒண்ணாம் மாசம் ரெண்டாம் மாசம்னு எழுதினவங்க நிறைய பேர், அவங்களுக்கு ஒண்ணாம் மாசம் மார்ச்.

பிராட்ஃபோர்ட் ஒரு சம்பவம் எழுதியிருக்கார். 1621 கிறிஸ்மஸ் அன்னைக்கு எல்லாரையும் வேலைக்கு கூப்பிட்டார், அப்பதான் புதுசா கப்பல்ல வந்து இறங்கினவங்க இன்னைக்கு வேலை செய்ய எங்க மனசாட்சி இடம் குடுக்கலன்னு சொன்னாங்க. சரி, தெளியற வரைக்கும் இருங்கன்னு விட்டுட்டுப் போனார். மத்தியானம் வந்து பாத்தா அவங்க தெருவுல பந்து விளையாடிட்டு இருக்காங்க. சாமான்களை புடுங்கிட்டு, நீங்க விளையாடறதும் மத்தவங்க உழைக்கறதும் என் மனசாட்சிக்கு ஒத்து வரல, பண்டிகைன்னா வீட்டுக்குள்ள ஜெபம் பண்ணுங்க, தெருவுல கும்மாளம் வேணாம்னுட்டார். அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்யுது, முந்தின குளிர்காலத்துல பாதி ஊரைப் புதைச்ச மனுஷன், கூரை போட ஆள் இல்லாம நின்னவர்.

என்ன சமைச்சாங்க, என்ன சாப்பிட்டாங்க?
— செம்பூர், வீட்டுல மெஸ் நடத்தற ஒரு சகோதரி

முக்கியமா மக்காச்சோளம், இங்க மழைல ரோட்டோரம் சுட்டுக் குடுக்கற புட்டாவேதான். இங்கிலாந்து ஆளுங்களுக்கு அது புதுசு. பிளிமத்ல ஸ்குவாண்டோன்னு கூப்பிட்ட டிஸ்குவான்டம்ங்கற பூர்வகுடி மனுஷன்தான் மீனை உரமா மண்ணுல புதைச்சு சோளம் போட சொல்லிக் குடுத்தார். சோளத்தை இடிச்சு உமி போக்கி வேகவெச்சு கஞ்சி, மாவாக்கி கிண்டினா களி, கோதுமை மாதிரி இருக்கற ரை தானியத்தோட சேர்த்து கருப்பு ரொட்டி. நம்ம சோளக்கூழ் தெரிஞ்ச கைக்கு அந்த அடுப்படி அந்நியமா இருக்காது. மத்தபடி பட்டாணி, பூசணி, உப்புப் போட்ட பன்னிக்கறி, காட் மீன். எல்லாத்தையும் ஒரே இரும்புப் பானைல போட்டு நெருப்பு மேல தொங்க விட்டு நாள் பூரா கொதிக்க விடறது, நேத்து மிச்சத்தோட இன்னைக்கு காயும் விழும். முள்கரண்டி அனேகமா கிடையாது, ஸ்பூனும் கத்தியும் கையும்தான். குடிக்கறதுக்கு சின்னப் பசங்களுக்குக்கூட லேசான பீர், அப்புறம் ஆப்பிள் சைடர். குடி தப்பில்ல, குடிச்சு நிதானம் தவறினாத்தான் தண்டனை.

சனிக்கிழமை ராத்திரி மொச்சை மாதிரி பீன்ஸை கொழுப்பு போட்டு செங்கல் அடுப்புக்குள்ள வெச்சுட்டா மறுநாள் அடுப்படி வேலை இல்லாம சாப்பிடலாம், பாஸ்டன் பீன்ஸுக்கு இன்னைக்கும் இருக்கற பேர் அந்த வழக்கத்துல வந்ததுன்னு சொல்லுவாங்க. வாரம் ஏழு நாளும் ராத்திரி மாவு அரைச்சு விடியக்காலை இட்லி ஊத்தற உங்களுக்கு, வாரத்துல ஒரு நாள் சமையலுக்கு சட்டப்படி லீவுன்னா எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாத்தேன்.

யாருக்கு மோட்சம்னு கடவுள் முன்னாடியே முடிவு பண்ணிட்டார்னு நம்பினாங்களாமே. அப்போ எதுக்கு இவ்ளோ கட்டுப்பாடு? நம்ம தலையெழுத்து மாதிரியா இது?
— ரிட்டயர்ட் பேங்க் ஊழியர், முலுண்ட்

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன் சார். இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும்.

தலையெழுத்து வேற. நம்ம ஆளுங்க தலையெழுத்துன்னு சொல்லும்போது அதுக்குப் பின்னாடி போன ஜென்மத்துக் கணக்கு ஒண்ணு நிக்கும், நாம செஞ்சதுதான் நமக்கு வருது. இவங்க நம்பிக்கைல கணக்கே கிடையாது. எல்லா மனுஷனும் பாவி, யாருக்கும் தகுதி இல்ல, ஆனாலும் கடவுள் தன் இஷ்டப்படி சிலரை, உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே தேர்ந்தெடுத்துட்டார். நல்லது செஞ்சு அதை சம்பாதிக்கவே முடியாது. நம்ம வைஷ்ணவங்க சொல்ற பூனைக்குட்டி நியாயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், தாயைக் கெட்டியா புடிச்சுக்கறது குரங்குக்குட்டி, தாய் வாயில கவ்விட்டுப் போறது பூனைக்குட்டி, அது ஒண்ணும் பண்ண வேணாம். அருள் மட்டுமேங்கற விஷயத்துல பியூரிட்டன் முழுக்க பூனைக்குட்டி கட்சி. ஆனா ஒரு பயங்கரமான வித்தியாசம், இங்க தாய்ப்பூனை எல்லாக் குட்டியையும் தூக்கிட்டுப் போகாது, எந்தக் குட்டின்னு குட்டிக்கே தெரியாது.

அந்த தெரியாமைலதான் அவங்க வாழ்க்கை பூரா ஓடுச்சு. நல்லவனா இருந்தா மோட்சம்னு இல்ல, ஆனா தேர்ந்தெடுக்கப்பட்டவன் மனசுல அதுக்கு அடையாளம் தெரியும்னு நம்பினாங்க, அதனால ராத்திரி பகலா தன்னைத்தானே தோண்டிப் பாத்தாங்க. இன்னைக்கு ஜெபத்துல மனசு ஏன் ஒட்டல, பக்கத்து வீட்டுக்காரன் மேல ஏன் பொறாமை வந்துச்சு, குழந்தைக்கு காய்ச்சல் வந்தது எனக்கு எச்சரிக்கையா, எல்லாம் டைரில ஏறும். கூட்ட வீட்டுக்கு எல்லாரும் கட்டாயம் வரணும், ஆனா சபையில முழு உறுப்பினரா சேரணும்னா, கடவுள் தன் மனசுல எப்படி வேலை செஞ்சார்னு சபை முன்னாடி சொல்லி அவங்களை நம்ப வைக்கணும். கேம்பிரிட்ஜ் போதகர் தாமஸ் ஷெப்பர்ட் அப்படி சொன்னதை எல்லாம் எழுதி வெச்சார், அதுல வீட்டு வேலைக்காரப் பொண்ணுங்க பேசினதும் இருக்கு. நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வேலைக்காரப் பொண்ணோட மனசுல என்ன ஓடுச்சுன்னு எத்தனை ஊர்ல எழுதி வெச்சிருக்காங்க சொல்லுங்க.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. மாசசூசெட்ஸ்ல 1631லருந்து சபை உறுப்பினரா இருக்கற ஆம்பளைக்குத்தான் ஓட்டு. பேரப்பசங்க காலத்துல, எனக்கு அப்படி ஒரு அனுபவம் வரலன்னு நேர்மையா ஒதுங்கி நின்னவங்க நிறைய ஆயிட்டாங்க, அவங்க குழந்தைங்களுக்கு ஞானஸ்நானம் குடுக்கறதா வேணாமான்னு பெரிய குழப்பம். 1662ல பாதி உறுப்பினர் மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணி குடுக்கலாம்னாங்க. பொய்யா ஒரு கதை சொல்லி உள்ள வந்திருக்கலாம், அத்தனை பேர் வரலையே, அதை நான் பெருசா மதிக்கறேன்.

பொண்ணுங்களைப் படிக்க விட்டாங்களா? கல்யாணம் எப்படி?
— காலேஜ் மாணவி, டோம்பிவ்லி

பைபிளை அவங்கவங்களே படிக்கணுங்கறதால படிப்பு கட்டாயம் மா. 1647 சட்டப்படி 50 குடும்பம் உள்ள ஊர் எழுதப் படிக்க சொல்லித்தர ஒரு ஆசிரியரை வைக்கணும், 100 குடும்பம்னா லத்தீன் பள்ளிக்கூடம். ஹார்வர்ட் 1636லயே வந்துடுச்சு. பொண்ணுங்களுக்கு வாசிக்கத் தெரியணும், எழுதறது ரெண்டாம் பட்சம், காலேஜ் கிடையவே கிடையாது. கல்யாணம் சர்ச்சுல இல்ல, ஜட்ஜ் முன்னாடிதான், நம்ம ரெஜிஸ்டர் மேரேஜ் மாதிரி, ஏன்னா அது ஒப்பந்தம், அதனாலயே டிவோர்ஸுக்கும் வழி இருந்துச்சு. பேருங்களைப் பாரு, பிளிமத் மூப்பர் வில்லியம் ப்ரூஸ்டரோட பசங்க பேர் பொறுமை, பயபக்தி, அன்பு, அப்புறம் யாக்கோபு தேவதூதனோட போராடினதை வெச்சு போராட்டம்னே ஒரு பையன் பேர். நம்ம பக்கம் கிருபை, பாக்கியம், ஞானம்னு வைக்கறவங்களுக்கு இது வித்தியாசமா தோணாது.

உனக்காக ரெண்டு பொம்பளைங்க. ஆன் பிராட்ஸ்ட்ரீட், 1630 கப்பல்ல 18 வயசுல வந்தவங்க, எட்டு பிள்ளை பெத்து வளர்த்துக்கிட்டே கவிதை எழுதினாங்க, மச்சினர் ஒருத்தர் அவங்களுக்குத் தெரியாமலே லண்டனுக்கு எடுத்துட்டுப் போய் 1650ல அச்சுப் போட்டார். 1666ல வீடு எரிஞ்சு போனதைப் பத்தி ஒரு கவிதை எழுதியிருக்காங்க, இங்கதான் உக்காந்திருப்பேன், இங்கதான் அந்தப் பெட்டி இருந்துச்சுன்னு ஒவ்வொண்ணா நினைச்சுட்டு அப்புறம்தான் மேல இருக்கற வீட்டைப் பத்தி பேசறாங்க. ஆன் ஹட்சின்சன் பிரசவம் பாக்கறவங்க, வீட்டுல பொம்பளைங்களைக் கூட்டி பிரசங்கத்தை அலசினாங்க, ஆம்பளைங்களும் வர ஆரம்பிச்சாங்க, போதகர்களையே குறை சொன்னாங்கன்னு 1637ல விசாரணை நடத்தி ஊரை விட்டு அனுப்பிட்டாங்க. அவங்க வாதம் பண்ணின பதிவு இருக்கு, படிச்சுப் பாரு, கவர்னர் வின்த்ரப் திணறறது தெரியும்.

மத சுதந்திரம் தேடித்தான் போனாங்கன்னு ஸ்கூல்ல படிச்சோம். அப்புறம் ஏன் அடுத்தவங்களை தூக்குல போட்டாங்க? அங்க முன்னாடியே இருந்த ஜனங்க என்ன ஆனாங்க?
— தாராவி, லெதர் பட்டறை வெச்சிருக்கற வாசகர்

தேடினது தங்களுக்கான சுதந்திரம் அண்ணே, எல்லாருக்குமான சுதந்திரம் இல்ல, அதை அவங்க மறைக்கவும் இல்ல. ரோஜர் வில்லியம்ஸ் போதகரா இருந்துட்டே, மனசாட்சி விஷயத்துல அரசாங்கம் கை வைக்கக் கூடாது, இந்த நிலம் பூர்வகுடிகளோடதுன்னு பேசினார், 1635ல வெளியேத்திட்டாங்க, அவர் போய் பிராவிடன்ஸ் ஊரை உருவாக்கி எந்த மதக்காரனும் வரலாம்னார். மேரி டையர் க்வேக்கர்ங்கற வேற ஒரு கிறிஸ்தவக் கூட்டத்துல சேர்ந்தவங்க, துரத்தத் துரத்த பாஸ்டனுக்கே திரும்பி வந்தாங்க, 1660 ஜூன் 1ல தூக்கு. துரத்தப்பட்டு ஓடி வந்தவங்களே இதைப் பண்ணினாங்கங்கறதை எனக்கு ஜீரணிக்க முடியல, எத்தனை தடவை படிச்சாலும். மாசசூசெட்ஸ்ல இருக்கற சேலம் ஊர்ல 1692ல சூனியம்னு சொல்லி 19 பேர் தூக்கு, ஒரு கிழவரை கல்லேத்தி நசுக்கிட்டாங்க. முன்ன சொன்ன டைரி ஜட்ஜ் சீவல் அந்தக் கோர்ட்டுல உக்காந்தவர், 1697ல ஒரு உபவாச நாள்ல சபை நடுவுல எழுந்து நின்னு, இந்தப் பழியும் வெட்கமும் எனக்குத்தான்னு எழுதிக் குடுத்ததை போதகர் வாசிக்க தலை குனிஞ்சு நின்னார்.

பூர்வகுடிகள் கதைதான் எல்லாத்தையும் விட கொடுமை. பிளிமத் வெறும் நிலம் இல்ல, பட்டுக்ஸெட்னு ஒரு ஊர், 1616லருந்து 1619க்குள்ள ஐரோப்பியங்க கொண்டு வந்த நோய்ல ஊரே அழிஞ்சு போய் கிடந்துச்சு. டிஸ்குவான்டம் அந்த ஊர்க்காரர், அடிமையா கடத்திட்டுப் போய் தப்பிச்சு திரும்பி வந்து பாத்தா சொந்த ஊர்ல ஒருத்தர் இல்ல. அந்தப் பக்கத்து வாம்பனோக் பூர்வகுடிகளோட தலைவர் மாசசோயிட் 1621ல இவங்களோட சமாதானம் பண்ணிக்கிட்டார், அறுவடை விருந்துக்கு 90 ஆளோட வந்து அஞ்சு மான் கொண்டு வந்து குடுத்தார். அவர் மகன் மெட்டாகாம் காலத்துல, 1675ல, நிலம் நிலமா போயிட்டே இருக்கறதைப் பாத்து சண்டை வெடிச்சுது, மறு வருஷம் அவரைக் கொன்னு தலையை பிளிமத்ல கம்பத்துல வெச்சாங்க, அவர் பொண்டாட்டி பிள்ளையைப் புடிச்சு, பிள்ளையை அடிமையா வித்துட்டாங்க. மான் கொண்டு வந்தவரோட பேரன் அந்தப் பையன்.

இவ்ளோ சொல்றீங்களே அக்கா, நமக்கும் இவங்களுக்கும் எதாவது தொடர்பு உண்டா?
— அந்தேரி வாசகி

உண்டு மா, நிறையவே. எலிஹு யேல் 1649ல பாஸ்டன்ல பிறந்தவர், குழந்தையா இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பிடுச்சு. பெரியவனாகி கிழக்கிந்தியக் கம்பெனி வேலைல சென்னைப் பட்டணம் வந்து 1687லருந்து 1692 வரைக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு கவர்னர். மெட்ராஸ்ல நிறைய பணம் சேர்த்தார், பிறகு காட்டன் மாதர்ங்கற பாஸ்டன் பியூரிட்டன் போதகர் லெட்டர் போட்டு கேட்டதுல 1718ல கனெக்டிகட்ல இருந்த ஒரு காலேஜுக்கு ஒன்பது மூட்டை சரக்கு, 417 புத்தகம், ராஜா படம் ஒண்ணு அனுப்பினார். சரக்கு 562 பவுண்டுக்கு போச்சு, அந்த காலேஜுக்கு யேல்னு அவர் பேரையே வெச்சுட்டாங்க. அதே மாதர் நம்ம தரங்கம்பாடில சீகன்பால்க் இருந்த மிஷனுக்கும் கடிதம் எழுதி, அந்தக் கடிதங்களை 1721ல பாஸ்டன்ல அச்சடிச்சார்.

அப்புறம் நம்ம மும்பை. பியூரிட்டன் வழி வந்த சபைங்கதான் 1810ல மாசசூசெட்ஸ்ல ஒரு மிஷன் சங்கம் ஆரம்பிச்சாங்க, அவங்க ஆளுங்க கார்டன் ஹாலும் சாமுவேல் நாட்டும் 1813ல வந்து இறங்கின இடம் பம்பாய். 1816ல யாழ்ப்பாணம், 1834ல மதுரை. மதுரை அமெரிக்கன் காலேஜ் அந்த மிஷன் வெச்சதுதான். அந்த சபைங்க 1908ல தென்னிந்திய ஐக்கிய சபையில சேர்ந்து, 1947ல சி.எஸ்.ஐ. ஆச்சு. மேல கேள்வி கேட்ட தாராவி அக்கா சபையோட குடும்ப மரத்துல ஒரு கிளை அங்கருந்து வருது. அந்த மிஷன்ல யாழ்ப்பாணத்துலயும் மெட்ராஸ்லயும் வேலை செஞ்ச மிரன் வின்ஸ்லோ 1862ல மெட்ராஸ்ல வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதி என் மேஜைல இருக்கு, இந்தப் பக்கத்தை எழுதும்போதுகூட ரெண்டு வார்த்தைக்கு அதைத்தான் புரட்டினேன்.